தண்ணீர் தொடாமல் ஆற்றில் வந்த படகு

முன்னொரு காலத்தில், கடலைக் கண்ணால் பார்த்தே இராத வீரகண்டன் என்ற ராஜா நெடுங்குன்ற நாட்டை ஆண்டுவந்தான். அவனுக்குத் திடீர் திடீரென்று ஆசை முளைக்கும். ஒருநாள் சபையில் சொன்னான்:

"முத்துக்கழித் துறையில் எனக்கொரு புதுப் படகு கட்டி முடித்துவிட்டார்களாம். பௌர்ணமியன்று அது நம் ஏரியில் மிதக்க வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். அதன் அடிப்பலகையில் படுகிற முதல் தண்ணீர் என் ஏரித் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும்!"

சபை விழித்தது. கடலோர முத்துக்கழி நாற்பது காதம். அறுவடைக் காலமானதால் மாடுகளெல்லாம் களத்தில் நின்றன. வண்டிக்கு வழியில்லை. இருப்பது ஏரியோரம் ஓடும் செம்பாறு ஒன்றுதான். ஆற்றில் விட்ட படகு நனையாமல் வருமா?

படகுத்துறை அதிகாரி பிரமாதராயருக்கு உள்ளுக்குள் குஷி. ஆற்றில் சொந்தப் படகு ஓட்டுகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"மகாராஜா, அந்தப் படகுக்காரர்களிடமே இதை விடுங்கள். முடியாவிட்டால் அவர்கள் படகெல்லாம் அரண்மனைக்கு, அதாவது என் பொறுப்புக்கு, வந்துவிடட்டும்."

"பேஷ்!" என்றான் ராஜா.

படகுக்காரர்கள் சார்பில் சடைச்சி என்பவளை அழைத்தார்கள். உப்புப் படகு ஓட்டுகிறவள். அந்தப் படகுதான் அவளுக்கு வீடும் சோறும். இருந்தாலும் நிமிர்ந்து நின்று, "கொண்டுவந்துடறோம் மகாராஜா" என்றாள்.

முத்துக்கழிக்குப் போனாள். அங்கே படகுக்கு ஆணி அடிப்பதில்லை. பலகைகளைக் கயிற்றால் தைத்துத்தான் கட்டுவார்கள். தச்சரை வைத்துத் தையலைப் பிரித்தாள். பலகைக்குப் பலகை அடையாளம் கீறி, பனம்பாயில் சுற்றினாள்.

"மேலாற்றுக்குப் போறவங்க ஆளுக்கொண்ணு ஏத்திக்கங்க. உங்க துறை வந்ததும் அடுத்தவங்க கையில குடுத்துடுங்க" என்று துறையிலிருந்த படகுக்காரர்களிடம் சொன்னாள்.

உப்பு மூட்டை மேல் ஒரு பலகை போயிற்று. மீன்கூடைகளுக்கு நடுவே ஒன்று. மணப்பெண்ணை இறக்கிவிட்டு வந்த கல்யாணப் படகு அடிமரத்தை ஏற்றிக்கொண்டது. பாய்மரம் எதிலும் கொள்ளவில்லை. இரண்டு படகுக்காரர்கள் தங்கள் படகுகளைச் சேர்த்துக் கட்டி அதன் மேல் கிடத்தினார்கள். சுக்கானை மட்டும், வேறு படகு கிடைக்காமல், அரண்மனைப் படகில் ஏற்றினார்கள். ராயர் அதை ஆற்றின் பாதி வழியில் இருந்த தன் சாவடியில் இறக்கி வைக்கோலால் மூடச் சொன்னார்.

பௌர்ணமி விடிந்தது. ஏரிக்கரையில் தச்சர்கள் பலகைகளைச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். சுக்கான் மட்டும் வரவில்லை. அந்தக் கரையில் படகு வைத்திருந்த ஆனையப்பன் தன் சுக்கானைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

"எடுத்துக்க தாயி. என் படகு நாலு நாள் சும்மா கிடக்கட்டும்."

ராஜா வந்தான். ராயர் முந்திக்கொண்டார். "நீங்கள் கேட்டது படகு. இவர்கள் கொண்டுவந்தது வெறும் பலகை!"

சடைச்சி கும்பிட்டாள். "மகாராஜா ஊர் சுத்தப் போறப்ப கிரீடம் ஒரு பெட்டியில போகும், பட்டு ஒரு பெட்டியில போகும், சிம்மாசனம் வண்டியில போகும். போய் இறங்கினவர் வேற ராஜாவா?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சடைச்சி ராயரைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே, "சுக்கானைப் பாருங்க மகாராஜா, எவ்வளவு பொருத்தம்!" என்றாள்.

"பொய்!" என்று கத்தினார் ராயர். "இது வேறு சுக்கான். இந்தப் படகின் சுக்கான் என் சாவடியில் வைக்கோலுக்குள் அல்லவா..."

வாயைப் பொத்திக்கொண்டார். கரையே சிரித்தது. ஆனையப்பன் சுக்கான் கொடுத்ததைச் சடைச்சி சொன்னாள்.

"ஓகோ!" என்றான் ராஜா. "ஒரே படகு வைத்திருக்கிறவன் தன் சுக்கானைக் கழற்றிக் கொடுத்தான். இருபது படகை ஆள்கிற நீர் ஒளித்து வைத்தீரோ? நீரே போய் எடுத்து வாரும். அரண்மனைப் படகு கிடையாது. துறைக்குத் துறை இவர்களைக் கேட்டு ஏறிப் போம்!"

அப்புறம் சடைச்சியைப் பார்த்து, "உனக்கு என்ன வேண்டும்?" என்றான்.

"ஆத்துல எங்க படகு எங்களுதாவே இருக்கட்டும். அது போதும்."

அங்கேயே செப்பேடு வெட்டக் கட்டளையிட்டு, ராஜா படகில் ஏறினான். முதல் தண்ணீர் அடிப்பலகையில் சளக்கென்று பட்டதும் கைதட்டிக் குதித்தான்.

ராயர் பயந்து பயந்துதான் முதல் படகில் கால் வைத்தார். ஒருவரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. ஒரு துறையில் மீன்குழம்பு, அடுத்ததில் நண்டு வறுவல். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க ராயரே" என்று விடாமல் பரிமாறினார்கள். எட்டாம் நாள் சுக்கானோடு திரும்பி வந்தவரின் இடுப்புப்பட்டை எட்டவில்லை. கையில் பிடித்துக்கொண்டே சபைக்குள் நுழைந்தார்.