தேற்றா மரத்தின் சத்தியம்

மரங்களுக்கு வாய் இருந்த காலத்தில், வானம் பார்த்த ஓர் ஊரில், ஊருணிக் கரையில் ஒரு தேற்றா மரம் நின்றது. மற்ற மரங்களும் பேசும்தான். வேம்பு வெயிலைப் பற்றிப் பேசும், புளி தன்னைப் பற்றியே பேசும். தேற்றாவின் பேச்சே வேறு. யார் என்ன கேட்டாலும் விளக்கிச் சொல்லும். சும்மா இல்லை, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, புட்டுப் புட்டு வைக்கும். ஆடு ஏன் சினைப்படவில்லை, மழை ஏன் வரவில்லை, மாமியார் ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள், எல்லாவற்றுக்கும் அதனிடம் காரணம் இருந்தது. கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்து நிற்கும். அடேயப்பா, அந்த வாய் இருக்கிறதே!

ஊருணித் தண்ணீரோ எப்போதும் கலங்கல். கையை விட்டால் மணிக்கட்டுக்குக் கீழே தெரியாது. ஊரே அதைத்தான் குடித்தது. ஏன் இப்படிக் கிடக்கிறது என்று யாரும் கவலைப்படவில்லை. மரம் அதையும் விளக்கியிருந்தது.

அந்த ஊரில் வெள்ளைத்தாய் என்று ஒருத்தி. தாய் தகப்பன் போன பிறகு தன் தம்பி ஒச்சனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். ஒச்சன் மீசை வைத்த ஆளாகி ஆடு மேய்த்தான். ஒரு கோடை நாள், உச்சிப்பொழுதில் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போனான். ஆடுகள் மட்டும் திரும்பி வந்தன.

வெள்ளைத்தாய் மரத்திடம் ஓடினாள். "ஐயா, என் தம்பியப் பாத்தீகளா?"

"பாத்தேன் தாயி. ஒரு குளி குளிச்சிட்டுக் கிழக்க போற உப்பு வண்டியில ஏறிட்டான். உன்கிட்டச் சொன்னா விடமாட்டே, அதான் சொல்லல. தைக்கு வந்துருவான்."

அவ்வளவு தெளிவாக இருந்தது. அவள் வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்தாள்.

அந்த வருஷம் பயிர் பச்சையெல்லாம் கருகியது. தேற்றா மட்டும் காய்த்துத் தள்ளியது.

தை வந்தது, போனது. ஒருநாள் உச்சியில் வெள்ளைத்தாய் குடத்தை அமிழ்த்தியபோது, கலங்கலுக்கு அடியிலிருந்து யாரோ "அக்கா" என்றார்கள். அவள் குடத்தை விட்டுவிட்டு மரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"தவளை தாயி," என்றது மரம். "ஏக்கம் இருக்கிற காதுக்குத் தவளை சத்தமும் தம்பி சத்தமாத்தான் கேக்கும்."

மறுவாரம், "அக்கா, காலு." அது மடை வழியாக நுழையும் காற்று என்றது மரம். இன்னொரு நாள், "அக்கா, குளிருது." அது வெயிலில் பாறை விரிசல் விடும் சத்தமாம். ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க அவள் வயிறு குளிரும். வீட்டு வாசலை மிதித்ததும் மறுபடி எரியும். இப்படியே மூன்று வருஷம்.

ஒருநாள் குடத்துக்குள் ஒரு கயிறு வந்தது. ஒச்சனின் அரைஞாண், அவள் கையால் திரித்துக் கட்டியது. அதை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். வாயைத் திறக்கவில்லை.

"அந்த அரைஞாண் தாயி," என்று மரம் ஆரம்பித்தது, "அவன் குளிச்சப்ப அவுந்து விழுந்தது."

"கையில இருக்கிறத நான் இன்னும் காட்டவே இல்லையே," என்றாள் வெள்ளைத்தாய்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக மரத்திடம் பதில் இல்லை. குடம் சுமந்த பெண்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"சத்தியம் பண்ணு," என்றாள். இத்தனை நாள் ஐயா என்றவள். "மனுசருக்குப் பிள்ளை தலையில கைவச்சுத்தான் சத்தியம். உனக்குக் கை இல்ல. உன் பிள்ளைய நான் பிடிச்சுக்கிறேன்." உதிர்ந்து கிடந்த கொட்டை ஒன்றை எடுத்து, ஊருணியின் ஈரப் படிக்கல்லில் அழுத்தினாள். "சொல்லு. என் தம்பி எங்க?"

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை காலம் சம்பாதித்த பேர். பேசாமல் இருந்திருக்கலாம், பாவி மரம்.

"உப்பு வண்டியில போயிட்டான்," என்றது. "நான் சொன்னதுல கலங்கல் இருந்தா, என் பிள்ளைக தேஞ்சே போகட்டும்."

வெள்ளைத்தாய் தேய்க்கவில்லை. அவள் விரலுக்கடியில் கொட்டை தானாகத் தேய்ந்தது. வெள்ளையாக ஒரு குழம்பு கல்லில் வழிந்து தண்ணீரைத் தொட்டது. மரத்தடியில் கிடந்த அத்தனை கொட்டைகளும் உருண்டன. கரையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஊருணிக்குள் விழுந்தன, கல்லில் உரசி உரசித் தேய்ந்தன.

முதல் படி தெரிந்தது. பிறகு இரண்டாவது, மூன்றாவது. இருந்த சேறெல்லாம் ஓசையில்லாமல் கீழே இறங்கியது.

அடியில் ஒச்சன் நின்றுகொண்டிருந்தான். இப்போதுதான் இறங்கியவன் மாதிரி, ஒரு முடி கலையாமல், அண்ணாந்து பார்த்துக்கொண்டு. அவன் இரண்டு காலையும் ஒரு வேர் சுற்றியிருந்தது. அந்த வேர் கரைக்கு ஏறி, மரத்துக்குப் போனது. பெண்களில் ஒருத்தி தன் குடத்தைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒச்சனின் உதடு அசைந்தது. "தினம் கூப்பிட்டேன்க்கா. நீ வருவே. அது எதையாவது விளக்கும். நீ போயிருவே."

"தாயி," என்றது மரம் அவசரமாக. "அவன் கால் தானா வந்துதான் சிக்குச்சு. தாகம் தாயி, அவன் உசுர உறிஞ்ச ஆரம்பிச்சப்புறம் எனக்கு விட மனசு வரல. நான் விளக்கமாச் சொல்றேன்..."

"விளக்க வேண்டாம்," என்றாள் வெள்ளைத்தாய். "தெரியுது."

இடுப்பில் செருகியிருந்த தழை அறுக்கும் அரிவாளோடு தண்ணீரில் இறங்கினாள். வேரை அறுத்ததும் ஒச்சன் அவள் கையில் வந்து சாய்ந்தான். அவனை இடுப்பில் சுமந்தாளே, அந்தக் காலத்து எடைதான் இருந்தான். அத்தோடு அவன் அடங்கிப் போனான். அவள்தான் கரையில் உட்கார்ந்து, "நான் கேட்டிருக்கணும்யா, உன்னையக் கேட்டிருக்கணும்," என்று பொழுது சாய்கிற வரை அழுதாள்.

தேற்றா மரத்தின் வாய் அந்தப் பகலோடு அடைத்துப் போனது. மற்ற மரங்களும் பயந்துபோய், ஒவ்வொன்றாகப் பேச்சை விட்டன. அப்பன் செய்த பொய்ச் சத்தியத்துக்குப் பிள்ளைகள்தான் இன்னமும் தேய்ந்துகொண்டிருக்கின்றன. கலங்கல் தண்ணீர் நிறைந்த பானையின் உள்பக்கத்தில் தேற்றாங்கொட்டையை உரசிவிடுங்கள், ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீர் தெளிந்துவிடும். அந்த ஊர்ப் பெண்கள் அப்படித் தெளிந்த பிறகும் உடனே மொள்வதில்லை. ஒரு தடவை குனிந்து, அடிவரைக்கும் பார்த்துக்கொள்கிறார்கள். ஏன் என்று கேட்டால் யாரும் விளக்குவதில்லை.