சுகந்தி வைத்திருக்கும் கேமரா

தணிகாசலத்துக்குக் கேமராவைப் பற்றி ஒன்றும் தெரியாது. தம்பி மனைவி சுகந்தியிடம் ஒன்று இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். அவர் தூக்கம் கெட அது போதுமானதாக இருந்தது.

இரண்டு பேருமே சின்னாளப்பட்டியில் சுங்குடிப் புடவை விற்பவர்கள். கடை கிடையாது. வீட்டிலேயே புடவையைப் படம் எடுத்து வாட்ஸப்பில் போடுவார்கள், பிடித்தவர்கள் வாங்குவார்கள். ஒரே மொத்தக்காரரிடம், ஒரே கட்டிலிருந்து பிரித்து எடுத்த புடவைகள்தான். சுகந்தி போட்டால் அரை மணி நேரத்தில் 'விற்றுவிட்டது' என்று எழுதுகிறாள். தணிகாசலம் போட்டால் மூன்று நாள் கழித்து யாராவது ஒருவர் கும்பிடும் கையை அனுப்புகிறார்.

மொத்தக்காரர் சொல்லிவிட்டார். ஆடி முடிவதற்குள் யார் அதிகம் விற்கிறார்களோ, தீபாவளிக்கு வரும் புது டிசைன் முழுக்க அவர்களுக்குத்தான். தீபாவளி கைவிட்டுப் போனால் தணிகாசலத்துக்கு வருடமே போன மாதிரி.

அதனால் அவர் ஜெனோவாவிடம் போனார். ஜெனோவாவுக்கு முப்பத்திரண்டு வயது. கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பது பேருக்குக் கற்றுக்கொடுத்துவந்தார். பத்தாவது ஆளாகச் சேர்ந்த தணிகாசலம் வயதில் எல்லோருக்கும் மூத்தவர், பொறுமையில் எல்லோருக்கும் இளையவர்.

முதல் நாளே கேட்டார்.

"டீச்சர், படம் பளிச்சுன்னு வரணும். கலர் அள்ளணும். நான் இதுக்குப் புதுசு. கட்டுப்படியாகுற விலையில எந்தக் கேமரா வாங்கலாம்?"

"என்ன படம் எடுக்கப் போறீங்க?"

"சுகந்தி எடுக்கிற மாதிரி."

"நான் என்ன படம்னு கேட்டேன்."

"புடவைதான். சுங்குடி."

"அந்தம்மா எதுல எடுக்குறாங்க?"

தணிகாசலம் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். சுகந்தி வீட்டுக் குப்பையில் கேமரா வந்த அட்டைப்பெட்டி கிடந்ததாம். போகிற போக்கில் அதிலிருந்த மாடல் நம்பரைக் குறித்துக்கொண்டாராம். குப்பையைக் கிளற வேண்டியிருந்ததை அவர் சொல்லவில்லை.

ஜெனோவா சீட்டைப் பார்த்தார்.

"புதுசாக் கத்துக்கிறவங்க வாங்குறது. இருக்கிறதுலயே விலை கம்மி. உங்களுக்கும் இதே போதும்ணே."

"இதேவா? இதுக்கு மேல ஒண்ணு இருக்குமே?"

"இருக்கும். நீங்க இதையே வாங்குங்க."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இருந்தாலும் வாங்கினார். ஒரு வாரம் இருக்கிற பொத்தானையெல்லாம் அழுத்தி அழுத்தி எடுத்தார். மாம்பழ மஞ்சள், வேகவைத்த உருளைக்கிழங்கு நிறத்தில் வந்தது. அரக்கு கறுப்பாகிவிட்டது. சுங்குடிக்கு உயிரே புள்ளிகள்தான். அவையோ கொசு உட்கார்ந்த மாதிரி இருந்தன. திருப்பூர் வாடிக்கையாளர் ஒருவர், "இது என்ன கலர்ணே?" என்று எழுதிக் கேட்டார்.

அதே நாள் அதே மஞ்சளைச் சுகந்தியும் போட்டிருந்தாள். பார்த்ததும் தணிகாசலத்துக்கு வயிறு எரிந்தது. அவளுடைய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு குறையும் கிடைக்கவில்லை. அதில் இன்னும் கொஞ்சம் எரிந்தது.

அடுத்த ஞாயிறு வகுப்பில் கேமராவை மேசைமேல் வைத்தார்.

"டீச்சர், அவ வேற ஒண்ணை ஒளிச்சு வச்சிருக்கா. அந்தப் பெட்டி நான் பாக்கணும்னே போட்டது."

யாரோ சிரித்தார்கள். ஜெனோவா சிரிக்கவில்லை.

"எங்க வச்சு எடுக்குறீங்க?"

"வீட்லதான். முன் ரூம்ல."

"நாளைக்குக் காலையில வர்றேன்."

வந்தார். மணி எட்டரை. வெளியே நல்ல வெயில். முன்னறையில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. சுவரில் ஆணியடித்து மஞ்சள் புடவையைத் தொங்கவிட்டிருந்தார் தணிகாசலம். அறையில் பெரிய ஜன்னல் ஒன்று இருந்தது. இரண்டு கதவையும் சாத்திக் கொக்கி போட்டு, இடுக்கில் செய்தித்தாளைச் செருகியிருந்தார்.

"ஜன்னலை ஏண்ணே சாத்தி வச்சிருக்கீங்க?"

"நேர் எதிர்த்தாப்ல சுகந்தி வீடு. என்ன சரக்கு வந்திருக்குன்னு பாத்துருவா."

"ரெண்டு பேருக்கும் ஒரே கட்டுலேருந்துதானே வருது?"

தணிகாசலம் கொஞ்சம் யோசித்தார்.

"இருந்தாலும்," என்றார்.

ஜெனோவா செய்தித்தாளை உருவினார். கொக்கியை எடுத்துவிட்டு இரண்டு கதவையும் விரியத் திறந்தார். டியூப்லைட்டை அணைத்தார். புடவையை ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டார். பிறகு தணிகாசலத்தின் கேமராவை அவர் கையிலேயே கொடுத்தார்.

"எடுங்க."

எடுத்தார். சின்னத் திரையில் மாம்பழ மஞ்சள் மாம்பழ மஞ்சளாகவே இருந்தது. ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக நின்றது. புள்ளி விழ வேண்டுமென்று துணியில் முடிச்சுப் போட்ட இடத்துச் சுருக்கம்கூடத் தெரிந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆடி முடிய இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. வீட்டிலிருக்கும் புடவை அத்தனையும் போய்விடும் என்று தோன்றியது.

"லைட் ஏதாச்சும் வச்சீங்களா டீச்சர்? நான் கவனிக்கலையே."

"வச்சிருக்கு."

"எங்க?"

ஜெனோவா ஜன்னலுக்கு வெளியே காட்டினார். சந்துக்கு அந்தப் பக்கம் சுகந்தி வீட்டின் வெள்ளையடித்த சுவர். காலை வெயில் முழுக்க அதன்மேல் விழுந்து, அங்கிருந்து திரும்பி, மெத்தென்று இந்த அறைக்குள் வந்துகொண்டிருந்தது.

"அந்தச் சுவர்தான்."

தணிகாசலம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது அந்த வீட்டின் விரியத் திறந்த ஜன்னலில் சுகந்தியின் முகம் தெரிந்தது.

"மாமா, அந்த மஞ்சள் நல்லாருக்கு மாமா!"

தணிகாசலத்தின் கை தன்னால் நீண்டு இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தியது. அறை இருண்டது. கொக்கியைப் பிடித்தபடியே அவர் கேட்டார்.

"ஜன்னலைத் திறக்காம இதே கலர் வராதா டீச்சர்?"

"வரும். ரெண்டு பெரிய லைட் வாங்கணும். கேமராவை விட விலை ஜாஸ்தி."

அவர் கொக்கியிலிருந்து கையை எடுத்தார். திரையிலிருந்த மஞ்சளை ஒருமுறை பார்த்தார். சாத்திய கதவை ஒருமுறை பார்த்தார்.

"சரி டீச்சர், திறந்தே எடுக்குறேன்னு வைங்க. அவ நாளைக்கே அந்தச் சுவத்துல பச்சைப் பெயிண்ட் அடிச்சுட்டா?"

ஜெனோவா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அடிக்காதம்மான்னு சொல்லுங்கண்ணே. ஜன்னலைத் திறந்தா கேக்குற தூரம்தான்."