பூசி மெழுகிய சொல்

வக்கீல் தொழிலை விட்டுவிட்டு, தலை நரைத்த பிறகு ஜப்பானிய மொழி படிக்க வந்தவர் தில்லைநாதன். நீதிமன்ற ஆவணங்களை ஆங்கிலத்திலிருந்து ஜப்பானியத்துக்கு மாற்றும் பூங்கோதைதான் அவருடைய குரு. வயதில் மிகவும் இளையவர். அதற்கெல்லாம் தில்லைநாதன் கூச்சப்படவில்லை. இந்த வயதிலும் சொல்லித்தர ஆள் கிடைத்ததே என்ற நன்றிதான் அவருக்கு.

ஒரு நாள் செத்ஸுகோ என்ற ஜப்பானியப் பெண் சென்னைக் குடும்பநல நீதிமன்றத்தின் தீர்ப்போடு வந்தாள். அவளுக்கு ஆங்கிலம் அரைகுறை. மகள் தகப்பனிடமே இருக்கட்டும் என்பது தீர்ப்பு. காய்ச்சலில் கிடந்த குழந்தையைத் தாய் கைவிட்டுப் போனாள் என்று காரணமும் எழுதியிருந்தது.

அதை மொழிபெயர்க்கும் வேலையைப் பூங்கோதை தில்லைநாதனிடம் கொடுத்தார். அவருக்கு அந்த வரியில் மனசு கேட்கவில்லை. ‘சிறிது காலம் பிரிந்திருந்தார்’ என்று பூசி மெழுகி, குருவிடம் காட்டாமலே கொடுத்துவிட்டார். சட்டம் படித்த மூளையல்லவா, இரக்கத்துக்கும் ஒரு வாதம் கண்டுபிடித்துவிட்டது.

மறுநாள் செத்ஸுகோ ஒரு பெட்டி இனிப்போடு வந்தாள்.

“நீதிபதி என்னைத் தப்பாக நினைக்கவில்லை. அது போதும். மேல்முறையீடு வேண்டாம், ஊருக்குப் போகிறேன்” என்று குனிந்து வணங்கிவிட்டுப் போனாள்.

பூங்கோதை தில்லைநாதனிடமிருந்த தீர்ப்பு நகலையும் மொழிபெயர்ப்பு நகலையும் வாங்கிப் படித்தார்.

“‘கைவிட்டு’ங்கிற வார்த்தை ஜப்பானிய மொழியில இல்லையா, சார்?”

“இருக்கு மேடம். பெத்த தாய் படிக்கிறாங்களேன்னு...”

“இனிப்பைத் திருப்பிக் குடுத்துட்டு வாங்க.”

தில்லைநாதன் அந்த வரியைத் திருத்தி எழுதிக்கொண்டு, அவள் தங்கியிருந்த விடுதிக்குப் போனார். மன்னிப்புக் கேட்டு, இனிப்புப் பெட்டியையும் காகிதத்தையும் நீட்டினார். படித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

“பொய்! அதே காய்ச்சலில் நானும் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நீதிமன்றத்தில் யாரும் அதைப் பற்றி என்னைக் கேட்கவே இல்லையே!”

பயணத்தை ரத்து செய்துவிட்டு வக்கீலைப் பார்க்கக் கிளம்பினாள். போகும்முன் அவரை முன்னைவிடத் தாழக் குனிந்து வணங்கினாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பி வந்ததும் பூங்கோதையிடம் சொன்னார்: “ரொம்ப நன்றி மேடம். நீங்க அனுப்பலைன்னா அந்த இனிப்பைச் சந்தோஷமா தின்னுட்டு இருந்திருப்பேன்.”

பூங்கோதை லேசாகச் சிரித்தார்.

“ஆனா ஒண்ணு மேடம். நிம்மதியா ஊருக்குக் கிளம்பினவங்க. அப்பீல்லயும் தோத்துட்டா? மறுபடியும் அழுவாங்களே.”

“அழட்டும் சார். அவங்க பொண்ணு வளந்து ஒருநாள் இந்தத் தீர்ப்பைப் படிப்பா. அம்மா ஏன் ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசாம போனாங்கன்னு கேட்டா, நீங்க போய் பதில் சொல்வீங்களா?”