வீங்கிய பேட்டரியும் ஐம்பது அடி தூரமும்

அரைக்காணியூர்க்காரர்களை முட்டாள்கள் என்று சொல்கிறவர்களோடு எனக்குத் தீராத சண்டை. சொல்கிற நீங்கள் யார்? ராத்திரி போனைச் சார்ஜில் போட்டுத் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டு தூங்குகிறவர்கள்தானே? பேட்டரியோடு வருகிற கையேட்டை என்றைக்காவது படித்திருக்கிறீர்களா? பஜ்ஜியில் எண்ணெய் ஒற்றி எடுக்கத்தான் அது உங்களுக்குப் பயன்பட்டிருக்கும். அரைக்காணியூரில் அதை வரி வரியாகப் படித்தார்கள். படித்ததோடு நில்லாமல் அப்படியே நடந்தும் காட்டினார்கள். அங்கேதான் வினை.

அந்த ஊருக்குப் பஸ் கிடையாது. ஒரு காலத்தில் வந்தது. நிறுத்தத்தில் இருந்த பலகை வெயிலில் மங்குகிறதே என்று இரக்கப்பட்டு, ஊரார் அதைக் கழற்றிக் கோயில் மண்டபத்துக்குள் வைத்தார்கள். பலகை இல்லாத இடத்தில் நிறுத்த முடியாது என்று ஓட்டுநர் நிற்காமலே போய்விட்டார். இதில் யார் முட்டாள் என்று விவாதிக்க நான் தயார், நீங்கள் தயாரா?

சரி, மெயின் ரோடு வரைக்கும் போய்வர ஊரே சேர்ந்து ஒரு மின்சார ஆட்டோ வாங்கியது. அதைக் கவனிக்க ஒரு கமிட்டி. தலைவர் சென்னியப்பன். வண்டி ஓட்டுவது அவருடைய மச்சான் குப்பண்ணன். கையேடு வாசிப்பது நாச்சிமுத்து. ஊரிலேயே கண்ணாடி போட்டவர் அவர் ஒருவர்தான் என்பதால் அந்தப் பதவிக்குப் போட்டியே இல்லை.

"குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பேட்டரியை வைக்கவும்," என்று நாச்சிமுத்து முதல் நாள் வாசித்தார்.

"பரண்மேல வெச்சுடலாமுங்க," என்றார் குப்பண்ணன்.

"உன்ற பையன் நேத்து எங்கடா இருந்தான்?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"பனைமரத்து உச்சியிலங்க."

"அவனுக்குப் பரணெல்லாம் வாசப்படி மாதிரி."

கமிட்டி கன்னத்தில் கை வைத்து யோசித்தது. உயரமென்றால் பிள்ளைகள் ஏறுகிறார்கள், பள்ளமென்றால் குதிக்கிறார்கள். அப்போது கோடை விடுமுறை. பிள்ளைகள் மறந்தும் எட்டிப் பார்க்காத இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான் என்று சென்னியப்பன் கண்டுபிடித்தார். பேட்டரியைப் பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. பிள்ளைகள் வந்தார்கள். கமிட்டி வாசலை மறித்து நின்று, ஒருவர் விடாமல் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது. கையேட்டின்மேல் பிள்ளைகளுக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை. தலைமையாசிரியை வந்து போட்ட சத்தத்தில்தான் பேட்டரி வெளியே வந்தது.

அடுத்த பக்கத்தில், நேரடி வெயில் படக் கூடாது என்று இருந்தது. வேப்பமரத்து நிழலில் வைத்தார்கள். நிழல் நகர்ந்தது. குப்பண்ணனும் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு நிழலோடு நகர்ந்தார்.

"மரம் கம்முனு நிக்குது. இந்த நெழலுக்கு மட்டும் அப்படி என்ன அவசரமுங்க?" என்று மூச்சு வாங்கினார்.

சாயங்காலம் நிழல் சென்னியப்பனுடைய மாட்டுக் கொட்டகைக்குள் போய்ச் சேர்ந்தது. நிழலே கொண்டுவந்து விட்ட இடம் என்பதால் அதுவே பேட்டரியின் இடம் என்று முடிவாயிற்று. சார்ஜரையும் அங்கேயே மாட்டினார்கள்.

"சார்ஜ் ஏறும்போது ஆளில்லாமல் விடக் கூடாது," என்று வாசித்தார் நாச்சிமுத்து.

குப்பண்ணன் காவலுக்கு உட்கார்ந்தார். மாடுகள் அசைபோடுகிற தாளத்துக்குத் தலை தொங்கித் தூங்கிப்போனார். இது பெரிய சட்டச் சிக்கலைக் கிளப்பியது.

"தூங்கறவன் ஆள்ல சேர்த்தியா, இல்லையா?" என்றார் சென்னியப்பன்.

"ஆளுதானுங்க. ஆனா இல்லை," என்றார் நாச்சிமுத்து.

அதனால் குப்பண்ணனைப் பார்த்துக்கொள்ள நாச்சிமுத்து, நாச்சிமுத்துவைப் பார்த்துக்கொள்ள சென்னியப்பன் என்று மூவரும் உட்கார்ந்தார்கள். பேட்டரி நிறைந்து பச்சை விளக்கு எரிந்தது.

"நெறஞ்சா கழட்டிப்போடணும்னு இருக்குதுங்களே?" என்றார் நாச்சிமுத்து.

"காவலுக்கு ஆளில்லாதவங்க கழட்டட்டும். நாமதான் மூணு பேர் உக்காந்திருக்கறோமல்ல?" என்றார் சென்னியப்பன்.

இந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. அவர்கள் கண்டுபிடிக்கவே இல்லை. வண்டி நிற்கிற நேரமெல்லாம் பேட்டரி சார்ஜிலேயே கிடந்தது. வாங்கும்போது தோசைக்கல் மாதிரித் தட்டையாக இருந்தது, கொஞ்ச நாளில் இட்லி மாதிரி உப்பிவிட்டது.

"வந்தப்ப எப்படி வத்தலாட்டம் இருந்துச்சு! நம்மூர்த் தண்ணி ஒத்துக்கிச்சு பாரு," என்று சென்னியப்பன் பூரித்துப்போனார்.

இந்தப் பூரிப்புக்கு நடுவில்தான் இளவேணியின் நாள் வந்தது. இளவேணி சென்னியப்பனுடைய ஒரே மகள். செவிலியர் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். அன்று காலை டவுனில் கலந்தாய்வு. பெயரைக் கூப்பிடும்போது ஆள் இருக்க வேண்டும், அசல் சான்றிதழ் இருக்க வேண்டும், அதிகாரியின் கண்முன்னால் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். இதில் எது குறைந்தாலும் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும்.

சான்றிதழ்ப் பையை ஆட்டோவில் வைத்துவிட்டு, அம்மாவிடம் சொல்லிக்கொள்ள வீட்டுக்குள் போனாள். அந்த இடைவெளியில் நாச்சிமுத்து அன்றைய பக்கத்தைப் பிரித்தார்.

"பேட்டரி வீங்கியிருந்தால் பயன்படுத்தக் கூடாது. ஐம்பது அடிக்குள் யாரும் போகக் கூடாது. உடனே தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லவும்."

பேட்டரியை வண்டியில் பொருத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்த குப்பண்ணன் அம்பாகப் பாய்ந்து வெளியே வந்தார். இளவேணி திரும்பி வந்தபோது வண்டி நடுத்தெருவில் தனியாக நின்றது. சுற்றிலும் கோலமாவில் பெரிய வட்டம். வட்டத்துக்கு வெளியே ஊர்.

"அப்பா, என்ற பை!"

"உள்ளாறதான் கண்ணு இருக்குது. ரொம்பப் பத்திரமா இருக்குது. ஒருத்தரும் கிட்டப் போக முடியாது."

"இருங்க, ஒரே ஓட்டம், எடுத்துட்டு வந்தர்றேன்."

மூவரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"குப்பண்ண மாமா இத்தனை நேரம் அதுக்குள்ளதானே உக்காந்திருந்தாரு?" என்று இளவேணி கத்தினாள்.

"அது படிக்கறதுக்கு முந்தி அம்முணி. இப்பத் தெரிஞ்சுபோச்சல்ல?" என்றார் குப்பண்ணன், பெரிய கண்டத்திலிருந்து தப்பியவர் போல.

இளவேணி பல்லைக் கடித்துக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள். பாதியில் சென்னியப்பன் போனை வாங்கிக்கொண்டார்.

"தீ எவ்வளவு பெருசுங்க?" என்றார்கள் அங்கிருந்து.

"தீ இன்னும் வரலீங்க. நீங்க கெளம்புங்க, தீயும் நீங்களும் சேர்ந்தே வந்துக்கலாமுங்க."

வருகிறவர்கள் வரட்டும், மகளுடைய பையை எடுத்தாக வேண்டுமே என்று தகப்பன் மனம் பதைத்தது. தென்னையில் தேங்காய் பறிக்கிற மூங்கில்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டச் சொன்னார். ஐம்பது அடி அளந்து கட்டி, நுனியில் கொக்கி மாட்டினார்கள். மூவரும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நீட்டினார்கள். மறுமுனை காற்றில் ஆடி, யார் வீட்டுக் கொடியிலோ காய்ந்த பாவாடையை எடுத்தது, பிறகு ஒரு கோழியைத் துரத்தியது, கடைசியில் வண்டிக்குள் போய் ஹேண்ட் பிரேக்கில் மாட்டியது.

"மாட்டிக்கிச்சு! இழுங்க!"

இழுத்தார்கள். பிரேக் விடுபட்டது. வண்டி அசைந்தது. தெரு மெயின் ரோட்டைப் பார்த்துச் சரிந்த தெரு, நம் ஆட்கள் நின்றதும் சரிவுப் பக்கம். வண்டி அவர்களைப் பார்த்து வந்தது.

"ஐயோ, அம்பது அடி கொறையுது!" என்று அலறினார் நாச்சிமுத்து.

மூவரும் திரும்பி ஓடினார்கள். மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டே ஓடினார்கள். அவர்கள் ஓட ஓட மூங்கில் வண்டியை இழுத்தது. வண்டி வர வர அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

"விடாமத் தொரத்துதுங்க மாமா!" என்று குப்பண்ணன் அழுதார்.

"மூங்கிலை விடுங்கப்பா!" வண்டிக்குப் பின்னால் ஓடி வந்த இளவேணிக்குத் தொண்டை கட்டிவிட்டது. "நீங்கதான் இழுக்கறீங்க! கீழ போடுங்க!"

"போட்டா அம்பது அடின்னு எப்படிக் கண்ணு தெரியும்?"

இப்படியே மெயின் ரோடு வந்துவிட்டது. எதிரே சிவப்பாகத் தீயணைப்பு வண்டி. அதைக் கண்டதும் மூவரும் மரியாதையாக ஓரம் ஒதுங்கினார்கள். கொக்கி கழன்றது. ஆட்டோ ரோடு போடக் கொட்டியிருந்த மணல் குவியலில் மூக்கைச் செருகி நின்றது. இருக்கைக்கு அடியிலிருந்து புஸ்ஸென்று வெள்ளைப் புகை கிளம்பியது. பை பின் இருக்கையில்.

இளவேணிக்கு உயிரே போய்விட்டது. முகமூடி போட்ட வீரர் ஒருவர் காற்று வரும் பக்கமாக வந்து, நீளக் கம்பியால் பையை இழுத்து எறிந்தார். மற்றவர்கள் தண்ணீரைப் பீய்ச்சினார்கள், புகை அடங்கிய பிறகும் நிறுத்தாமல் பீய்ச்சினார்கள். பையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"புகையை யாராச்சும் சுவாசிச்சீங்களா? யாருக்காவது காயம்?" என்று அதிகாரி விசாரித்தார்.

"நாங்க யாருமே அம்பது அடிக்குள்ள வரலீங்களே," என்றார் சென்னியப்பன்.

அதிகாரி மூங்கிலைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆனால் மறுக்கவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து டவுன் பஸ் வந்தது. இளவேணி பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். கமிட்டி ஏறவில்லை.

"அப்பா, நேரமாச்சு! ஏறுங்க!"

"அதெப்படி கண்ணு? பேட்டரியோட ஒரே வண்டியில உக்காந்து வந்த பை அது. அதுக்கும் அம்பது அடி வேணுமல்ல? பஸ்ஸே அத்தனை நீளம் இருக்காது. நீ போ, நாங்க அடுத்ததுல வர்றோம்."

பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னல் வழியாக அவள் என்ன சொன்னாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் நியாயமானது.

கலந்தாய்வுக் கூடத்தில் அவள் நுழையும்போதே பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதிகாரியம்மா சான்றிதழ்களைப் புரட்டினார். எல்லாம் சரி.

"அப்பா எங்கம்மா?"

"அடுத்த பஸ்ல வர்றாருங்க மேடம்."

"ஏன், இந்த பஸ்ஸுல வந்தா என்ன?"

 இளவேணி இதை எங்கிருந்து ஆரம்பிப்பது? எதைச் சொன்னால் நம்புவார்கள்?  அதிகாரியம்மா அடுத்த பெயரைப் பார்க்கக் காகிதத்தைத் திருப்பினார்.

"வந்தாச்சுங்க! வந்தாச்சுங்க!" என்று ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல்.

மைதானத்தின் மறுகோடியில், கேட்டை ஒட்டி, பின்னாலேயே வந்த பஸ்ஸில் இறங்கி ஓடிவந்த மூவரும் வியர்வை வழிய நின்றிருந்தார்கள்.

"உள்ள வந்து கையெழுத்துப் போடுங்க!" என்றார் அதிகாரியம்மா.

"முடியாதுங்க! அங்க பை இருக்குதுங்க!"

"சரி, காகிதத்தைக் கொடுத்தனுப்பறேன்."

"அந்தப் பையில இருந்த காகிதத்துமேல வெச்ச காகிதமுங்க அது! அதும் அதே சேர்த்திதானுங்க!"

"என் கண்முன்னால போடணும்னு விதி இருக்கு!" அதிகாரியம்மாவின் குரல் உயர்ந்தது.

விதி என்ற சொல் காதில் விழுந்ததும் கமிட்டி கூடிப் பேசியது. விதியை மீறிப் பழக்கமில்லாதவர்கள்.

"உங்க கண்ணுக்கு முன்னாலதானுங்க நிக்கறேன்!" என்று சென்னியப்பன் கத்தினார். "நான் இங்க போடறேன், நீங்க அப்படியே அங்க புடிச்சுக்கங்க!"

சுட்டுவிரலை நீட்டி, வெறும் காற்றில் எழுத ஆரம்பித்தார்.

"மேடம், பேனாவை எடுங்க மேடம்," என்று இளவேணி கெஞ்சினாள். வரிசையில் இன்னும் பாதி மாவட்டம் நின்றது. அதிகாரியம்மா பேனாவை எடுத்தார்.

"எழுத்து இடம் வலமா விழுதுங்க!" என்று அவரே இப்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார்.

சென்னியப்பன் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கையைத் தலைக்குமேல் தூக்கினார். பக்கத்தில் நின்ற நாச்சிமுத்து ஒவ்வொன்றாக அறிவித்தார். "மொதல்ல கொம்புங்க! இப்பச் சுழி! அப்படியே கீழ இழுங்க! புள்ளிங்க!"

கூடமே மூச்சுவிடாமல் பார்த்தது. அதிகாரியம்மா புள்ளி வைத்தார், முத்திரை குத்தினார், இடம் இளவேணிக்கு என்று சொன்னார். கூடம் முழுக்கக் கைதட்டல். இளவேணி பையைக் கூடத்திலேயே வைத்துவிட்டு, ஒரே ஓட்டமாக வெளியே வந்தாள்.

"அப்பா, கெடச்சிருச்சுப்பா! வாங்க, போலாம்!"

சென்னியப்பன் அசையவில்லை. தூக்கிய விரலை அப்படியே காற்றில் நிறுத்திக்கொண்டு நின்றார். கண்ணில் மட்டும் தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"இரு கண்ணு," என்றார். "மை காயட்டும்."