நான்கு உள்ளங்கைகள்

கொளத்தூரில் நஸீமா டீச்சர் என்றொருவர் இருந்தார். கண்ணாடித் தொட்டியில் தவளை, தேரை வகைகளை நோயில்லாமல் வளர்ப்பது எப்படி என்று ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டு மாடியில் சொல்லிக்கொடுப்பார். அவரிடம் படிக்க வந்தவர்களில் வயதில் மூத்தவர் தணிகாசலம். ஐம்பத்தாறு. டீச்சர் அவருடைய மூத்த மகளைவிட இரண்டு வயதுதான் பெரியவர்.

அவரோடு அதே நாளில் சேர்ந்தவர் எபனேசர். இருவரும் ஒரே அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்து மேசை. டீச்சர் இருவருக்கும் ஒரே ஈற்றில் பிறந்த தேரைகளில் மூன்று மூன்று கொடுத்தார். முதுகு பச்சையில் கறுப்புத் திட்டு. வயிறு மட்டும் செக்கச்செவேல். கடைக்காரர்கள் அதை ஃபயர் பெல்லி என்பார்கள்.

ஆறு மாதமாயிற்று. எபனேசரின் தேரைகள் சாயங்காலமானால் பாடின. காலி பாட்டில் வாயில் யாரோ ஊதுவது மாதிரி மெல்லிய, ஒற்றை ஊகாரம். அதை செல்போனில் பதிவு செய்துவந்து அலுவலகத்தில் எல்லோருக்கும் போட்டுக்காட்டினார். தணிகாசலமும் கேட்டு, நன்றாக இருக்கிறது என்று சொன்னார். அன்றைக்கு மதியச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை.

அவருடைய தேரைகள் பாடவில்லை. வயிறும் வெளுத்துக்கொண்டே வந்தது. இத்தனைக்கும் எபனேசர் கால்சியம் பொடியைப் பாதி நாள் மறந்துவிடுகிற ஆள். தணிகாசலம் எதையும் மறந்ததில்லை. மறக்கிறவனுக்குப் பாடுவது மறக்காதவனுக்கு ஏன் பாடக்கூடாது?

போன மாதம் ஒன்று செத்துப்போயிற்று. இன்னொன்று ஒன்பது நாளாக இரை எடுக்கவில்லை. வகுப்பில் எபனேசர் முன்னால் இதைச் சொல்ல அவருக்கு மனமில்லை. டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்கு வந்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். எபனேசருக்குத் தெரிய வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

டீச்சர் சனிக்கிழமை பிற்பகலில் வந்தார். தண்ணீரைப் பற்றிக் கேட்டார். குழாய்த் தண்ணீரை இரண்டு நாள் திறந்து வைத்து, குளோரின் போன பிறகே ஊற்றுவதாகத் தணிகாசலம் சொன்னார். தொட்டியில் பாதி நீர், பாதி பாசி படர்ந்த மேடு. வெயிலுக்குச் சின்ன மின்விசிறி. வாரத்துக்கு மூன்று முறை பூச்சி, அந்தப் பூச்சிக்கும் கேரட் போட்டு வளர்ப்பு. டீச்சர் வெப்பமானியைப் பார்த்தார். சரளைக்கல்லை மோந்து பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு, சார்."

"அப்புறம் ஏன் டீச்சர்?"

டீச்சர் தொட்டி முன்னால் உட்கார்ந்தார். இரை எடுக்காதது தேங்காய் ஓட்டுக்கடியில் கிடந்தது. மற்றொன்று மேட்டில் இருந்தது.

மேட்டில் இருப்பது தன்னிடம் ரொம்பப் பிரியமாக இருப்பதாகத் தணிகாசலம் சொன்னார். எபனேசர் வீட்டுத் தேரைகள் பாடும், அவ்வளவுதான். எஜமானை அடையாளம் தெரியாது. இதற்குத் தெரியும்.

"நீங்களே பாருங்க."

மூடியைத் திறந்து கையை மெல்லக் கீழே இறக்கினார். தேரையின் முதுகு வில்லாக உள்நோக்கி வளைந்தது. தலை மேலே போயிற்று. நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பி, நான்கு உள்ளங்கைகளும் வெளிப்பக்கம் திரும்பின. ஓரங்களில் சிவப்பு தெரிந்தது.

"கும்பிடுது, டீச்சர். நான் வந்தா மட்டும் இப்படி."

டீச்சர் எழுந்தார். டீப்பாயில் கிடந்த செய்தித்தாளை எடுத்துச் சுருட்டினார். வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றவர், சட்டென்று அதைத் தணிகாசலத்தின் முகத்துக்கு நேராக ஓங்கினார். ஒரு சாண் தூரத்தில் நிறுத்திக்கொண்டார்.

தணிகாசலத்தின் கண்கள் மூடியிருந்தன. இரண்டு கைகளும் முகத்துக்கு முன்னால் விரிந்து நின்றன. உள்ளங்கைகள் வெளிப்பக்கம்.

"இப்ப எனக்குக் கும்பிடு போட்டீங்களா, சார்?"

அவர் கைகளைக் கீழே இறக்க நேரமாயிற்று. டீச்சர் தொட்டியை மூடினார். மூடிய பிறகும் தேரை வளைந்தபடியே இருந்தது.

"என்னைத் தின்னாதே, விஷம்னு சொல்லுது. அதுக்குத் தெரிஞ்ச ஒரே வழி அதுதான்."

"கையைக் கழுவிட்டுத்தானே டீச்சர் தொட்டேன். நீங்க சொன்ன மாதிரி."

"கழுவாத கையால தொடாதீங்கன்னு சொன்னேன். தொடவே வேணாம்னு சொல்லியிருக்கணும். அது என் தப்பு." டீச்சர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "தினமுமா எடுப்பீங்க?"

தணிகாசலம் தலையசைத்தார்.

"எதுக்கு?"

அவர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்துக் கொடுத்தார். அதிலிருந்த படத்தில் தொட்டிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சிவந்த வயிறு. எபனேசர் வீட்டில் எடுத்தது. தினமும் அலுவலகம் விட்டதும் ஏதாவது சாக்குச் சொல்லி அங்கே போய்விட்டு, வீட்டுக்கு வந்ததும் தன்னுடையதை எடுத்துத் திருப்பி, டியூப்லைட்டுக்கு அடியில் இந்தப் படத்தோடு வைத்துப் பார்ப்பது வழக்கம் என்றார். செத்துப்போனதுதான் இருந்ததிலேயே வெளுப்பு. அதை மட்டும் இரண்டு முறை பார்ப்பாராம்.

டீச்சர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எல்லாம் எபனேசரின் தேரைகள்.

"உங்களோடது ஒண்ணுகூட இல்லையே, சார்."

தேங்காய் ஓட்டுக்கடியில் கிடந்தது லேசாக நகர்ந்து, மறுபடி உள்ளே போயிற்று.

"இதாவது பிழைக்குமா?"

"இன்னும் நேரம் இருக்கு. எடுக்காம இருந்தா."

"எத்தனை நாளைக்கு எடுக்கக்கூடாது, டீச்சர்?"

டீச்சர் செல்போனை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"எபனேசர் சார் தேரை என்ன சிவப்புன்னு உங்களுக்கு மறந்துபோற வரைக்கும்."