செவ்வால் கெண்டை திரும்பிய ஓடை

மலைகளில் ஈரம் வற்றாத ஒரு காலத்தில், கூதிர்மலை ராஜ்ஜியத்தில் ஐந்து அநியாயங்கள் நடந்தன. வரிசை மாற்றாமல் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலாவது: வேட்டை மாளிகை ஜன்னலிலிருந்து ஓடை தெரியவில்லை என்று ராஜா கரையோர மரங்களை வெட்டச் சொன்னான். நிழல் போயிற்று, தண்ணீர் சுட்டது.

இரண்டாவது: தான் குளிக்கும் தொட்டிக்காக ஓடையின் பெருங்கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனான். கற்களோடு மடுக்களும் போயின.

மூன்றாவது: தூண்டில் போட்டு விளையாட, கடல் கடந்த தேசத்திலிருந்து பொன்வாய் மீன்களைக் குடம் குடமாகக் கொண்டுவந்து விட்டான். ஓடையிலேயே பிறந்து வளர்ந்த செவ்வால் கெண்டைகளை அவை முட்டையும் குஞ்சுமாக விழுங்கின.

நான்காவது: "இனி ஒரு கல்லையும் தொடக் கூடாது" என்று நடு ஓடையில் இறங்கி நின்ற இளைஞனை, ராஜாவின் மந்திரவாதி கல்லாக்கினான்.

ஐந்தாவது: ஊரே கரையில் நின்று பார்த்தது. பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனது.

ஐந்தில் எது பெரிது என்று கல்லானவனின் அக்கா வீரக்காளைக் கேட்டால், யோசிக்காமல் ஐந்தாவது என்பாள். அன்று அவளை நான்கு சேவகர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஊரை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

மந்திரவாதி போகும்போது ஓர் ஓலையில் அவள் தம்பியின் பெயரை எழுதி அவள் காலடியில் எறிந்தான்.

"இன்று சும்மா நின்றவர்களில் மூன்று பேர் இங்கே வந்து 'பார்த்தேன்' என்று சொல்ல வேண்டும். அவர்கள் முன்னால் இதைப் படி, எழுந்திருப்பான். சாட்சி இல்லாமல் பெயரைச் சொன்னால் கல் தூளாகிவிடும்." பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். "மூன்று பேராம்! இந்த ஊரிலாம்!"

அன்று மாலையே வீரக்காள் வீடு வீடாகப் போனாள். முதல் வீட்டில் காய்ச்சல் என்றார்கள். இரண்டாம் வீட்டில் விருந்தாளி என்றார்கள். மூன்றாம் வீட்டில் கதவே திறக்கவில்லை. நான்காம் வீட்டுக்கு அவள் போகவில்லை. ஓடைக்கரையில் குடிசை போட்டுக்கொண்டாள். ஊரோடு பேச்சை விட்டாள்.

தண்ணீர் வற்றி நாறத் தொடங்கியதும் ராஜாவும் மந்திரவாதியும் வேறு ஆற்றைக் கெடுக்கப் போய்விட்டார்கள்.

பெயர் சொல்லிக்கூட அழைக்க முடியாத தம்பிக்கு எதிரே உட்கார்ந்து, தினமும் அவள் தனியாகக் கூழ் குடிப்பாள்.

"உப்பு போதுமா, தம்பி?"

கல் பேசவில்லை. ஓடை மட்டும் ஓடியது.

ஒரு நாள் கல்லுக்கடியிலிருந்து குரல் வந்தது. "தினமும் இதே கேள்விதானா, வீரக்கா?"

எட்டிப் பார்த்தாள். செவ்வால் கெண்டை. ஓடையில் மிஞ்சிய ஒரே ஜோடியில் அது ஒன்று.

"உன் தம்பியின் நிழலில்தான் நாங்கள் பிழைத்துக் கிடக்கிறோம். அவன் எழுந்தால் எங்கள் வீடு போகும். முதலில் வேறு வீடு கட்டிக் கொடு."

"அவனும் இந்த ஓடையைக் காக்கத்தான் இறங்கி நின்றான்," என்றாள் வீரக்காள். "என்ன வேண்டும், சொல்."

"நிழல்."

நாவலும் புங்கையும் நீர்மருதும் நட்டாள். ஒரு கிளை மறுகரையை எட்ட ஏழு வருஷம் ஆயிற்று. கல் பேசவில்லை. ஓடை மட்டும் குளிர்ந்து ஓடியது.

"அடுத்தது?"

"கல்."

பாழடைந்த தொட்டியிலிருந்து கடப்பாரையால் நெம்பி, உருளைக் கட்டைகள் மேல் ஒவ்வொன்றாகத் தள்ளி வந்தாள். ஊரோடு பேச்சு இருந்த காலத்தில், நியாயம் கேட்கக் கூட்டம் சேர்த்து வரிசையில் நிறுத்திப் பழகியவள் அல்லவா? கற்களையும் கரைக்குக் கரை, தோளோடு தோளாக நிறுத்தினாள். தண்ணீர் தேங்கிச் சேறு படிந்தது.

"அணையா கட்டுகிறாய்?" என்றது கெண்டை. "ராஜாவுக்கு நீ என்ன, அத்தை மகளா?"

வீரக்காளுக்கு முகம் சிவந்தது. "ஒற்றுமையாக நிற்பது தப்பா?"

"ஒன்று முன்னே, ஒன்று பின்னே, ஒன்று சாய்ந்து நிற்கட்டும். இடுக்கில் தண்ணீர் பாய்ந்து மடு பறிக்கும், பொடிக்கல்லைக் கழுவிவிடும். அந்தப் பொடிக்கல்லில்தான் முட்டையிடுவோம்."

முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கலைத்துப் போட்டாள். கல் வேலைக்கு எல்லாம் சேர்த்து இரண்டு வருஷம்.

"இன்னும்?"

"பொன்வாயன்."

மூங்கில் பறி வைத்து மூன்று கோடை பிடித்தாள். கருவாடு போட்டுத் தின்றாள். "ராஜா வீட்டுச் சாப்பாடு, தம்பி!" என்று சிரித்தாள். கூடச் சிரிக்க யாரும் இல்லை.

பன்னிரண்டாம் வருஷம் பொடிக்கல்லிலிருந்து குஞ்சுகள் கிளம்பின. மடுவுக்கு மடு சிவப்பு வால் மின்னியது.

"வீடு கிடைத்தாயிற்று," என்றது கெண்டை. "ஊருக்குப் போய் மூன்று பேரைக் கூட்டி வா."

"அவர்கள் முகத்தில் விழிக்க மாட்டேன்."

"சரி, உன் இஷ்டம்." கெண்டை தன் ஜோடியோடு புது மடுவுக்கு நீந்திப் போய்விட்டது.

அன்று வீரக்காள் கல்லுக்கடியில் குனிந்து பார்த்தாள். அங்கே எதுவும் இல்லை. தம்பிக்கு இருந்த துணையும் போயிற்று. கூழ் இறங்கவில்லை.

மறுநாள் காலையில் ஊருக்குள் போனாள். அந்த நாளில் ராஜாவின் தொட்டிக்குக் கல் ஏற்றிப் போன வண்டிக்காரர் தொப்பளான் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார்.

"சாட்சிக்கு வர வேண்டும், மாமா."

"கரைப் பாதையில் என் வண்டியைக் கண்டால் காறித் துப்புவாய். இன்றைக்கு மாமாவா?"

"துப்பினேன். இல்லையென்று சொல்லவில்லை. உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை."

அந்த வார்த்தையைச் சொல்ல அவளுக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. தொப்பளான் தவிட்டுக் கையை உதறினார். "நட. எனக்கும் சோறு ருசித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது."

மோர்க்காரி அங்காயி பானையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். கொல்லர் சின்னடைக்கன் உலையை அணைத்துவிட்டு வந்தார். மற்றவர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். அது அவர்களுக்குப் பழக்கம்.

மூவரும் முழங்கால் தண்ணீரில் இறங்கினார்கள்.

"பார்த்தேன். கல்லையும் ஏற்றினேன்," என்றார் தொப்பளான். கல்லின் பாதம் அசைந்தது.

"பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்," என்றாள் அங்காயி. கல்லின் விரல்கள் விரிந்தன.

"பார்த்தேன். பயந்தேன்," என்றார் சின்னடைக்கன். பாசி வழுக்கி விழுந்தது, இமை திறந்தது. உதட்டில் மட்டும் கல் மிச்சம் இருந்தது.

வீரக்காள் ஓலையைப் பிரித்தாள். தம்பியின் கால்களுக்கிடையில் செவ்வால் கெண்டைகள் பயமில்லாமல் புகுந்து, புது மடுக்களுக்குப் போய் வந்தன. சாட்சிகள் மூவர் முகத்தையும் ஒருமுறை நேராகப் பார்த்தாள். பிறகு இரண்டு கரைக்கும் கேட்கும்படி படித்தாள்:

"மாசடையன்!"