பாலத்தை உடைக்கும் விதி

இந்தக் கதையில் வரும் மூன்று பேருமே ஏமாந்தவர்கள். ஏமாற்றியவர்களும் அவர்களேதான். முழுவதும் கேட்டுவிட்டு உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

தமயந்தி திருச்சியில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பித்தவர். அவருடைய நண்பர் எட்வின் பலகை விளையாட்டுகளை உருவாக்குபவர். இரண்டாம் உலகப் போரில் படைகள் பர்மாவிலிருந்து பின்வாங்கியதை இருவரும் சேர்ந்து ஒரு விளையாட்டாகச் செய்தார்கள். நடந்தது என்ன என்பது தமயந்தியின் பொறுப்பு. அதை எப்படி ஆடுவது என்பது எட்வினின் பொறுப்பு. ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் எதையும் மாற்றக் கூடாது என்று பேசிக்கொண்டார்கள்.

விளையாட்டின் நடுவில் ஓர் ஆற்றுப் பாலம் வரும். எதிரி கையில் சிக்காமலிருக்க, பின்வாங்கும் படையே அதை வெடிவைத்துத் தகர்க்கும். அந்தப் பாலத்தின் கதையைச் சொன்னவர் சிதம்பரநாதன் என்ற முதியவர். பாலம் உடைந்தபோது தன் அப்பா அக்கரையில் மாட்டிக்கொண்டார், சிறைப்பட்டு, போர் முடிந்த பிறகுதான் வீடு திரும்பினார் என்றார். உத்தரவு வந்த கையோடு இக்கரையில் இருந்தவர்கள் திரியைக் கொளுத்தினார்கள், காத்திருக்க வழியே இருக்கவில்லை என்றும் சொன்னார்.

"அதை மட்டும் மாத்திடாதீங்கம்மா."

தமயந்தி வாக்குக் கொடுத்தார். எட்வினும் பக்கத்தில்தான் இருந்தார்.

உத்தரவு வந்ததும் பாலத்தை உடைத்தாக வேண்டும் என்று விதி எழுதி ஆடிப் பார்த்தார்கள். பாலம் போனதும், அக்கரைப் படையை வைத்திருந்தவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். இன்னொரு ஆட்டம் ஆட யாருமே வரவில்லை. பாலத்தை உடைப்பதைத் தள்ளிப்போட ஆடுபவருக்கு உரிமை கொடுக்கலாம் என்று எட்வின் கேட்டார். நடக்காததை எழுத முடியாது என்று தமயந்தி மறுத்துவிட்டார். எட்வின் சரி என்று தலையாட்டினார். ஆனால் அச்சுக்குப் போனது அவருடைய விதிதான்: எத்தனை சுற்று வேண்டுமானாலும் காத்திருக்கலாம்.

வெளியீட்டு விழாவில் இரண்டு மாணவிகள் மேடையில் ஆடினார்கள். ஒருத்தி பொறுமையாகக் காத்திருந்து, கடைசிச் சிப்பாய் வரை இக்கரைக்குக் கொண்டுவந்துவிட்டுப் பாலத்தை உடைத்தாள். அரங்கமே கைதட்டியது. முன்வரிசையில் சிதம்பரநாதனின் முகம் வெளுத்துப்போனது. தமயந்தி விதித்தாளை வாங்கிப் படித்தார். பிறகு மைக்கைப் பிடித்து, இது தனக்குத் தெரியாமல் மாற்றப்பட்டது, பொய்யானது, யாரும் வாங்க வேண்டாம் என்று அறிவித்தார்.

"தனியா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றார் எட்வின்.

"நீ கேட்டியா?"

எட்வின் கிளம்பிப் போய்விட்டார். அதன்பிறகு சிதம்பரநாதன் தயங்கித் தயங்கித் தமயந்தியிடம் வந்தார்.

"அப்பா அக்கரையில இல்லம்மா. அக்கரையில நம்ம ஆளுங்க இருக்கும்போதே திரியைக் கொளுத்தினது அவர்தான். எதிரி வந்து சேர மறுநாள் ஆயிடுச்சு. காத்திருந்திருக்கலாம்னு சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. காத்திருக்க முடியாதுன்னு இந்த விளையாட்டுலயாவது இருக்கட்டுமேன்னு நெனச்சேன்."

தமயந்திக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு பொய்யைக் காப்பாற்றத்தான் நண்பனைச் சபையில் தலைகுனிய வைத்திருக்கிறார்.

இப்போது சொல்லுங்கள். பொய்யைச் சொன்ன சிதம்பரநாதனா, அதை விசாரிக்காமல் நம்பிய தமயந்தியா, மறைத்து மாற்றினாலும் உண்மையின் பக்கத்தில் போய் நின்ற எட்வினா, இவர்களில் துரோகம் செய்தது யார்?

என் பதில், எட்வின். சிதம்பரநாதன் பொய் சொன்னது அப்பாவுக்காக. அக்கரையில் மாட்டியவருக்கு இக்கரை உத்தரவு எப்படித் தெரியும் என்று தமயந்தி கேட்டிருக்க வேண்டும். அது கவனக்குறைவு, வஞ்சனை அல்ல. எட்வின் மாற்றியது கைதட்டலுக்காக, அதுவும் தலையாட்டிவிட்டு. உண்மை அவர் விதிக்குப் பக்கத்தில் இருந்தது தற்செயல். அந்த விதியிலும் ஒரு பொய் இருந்தது. அதில் காத்திருப்பவர் எதையும் இழப்பதில்லை. அன்று ஆற்றங்கரையில் நின்றவர்களுக்கோ எதிரி எப்போது வருவான் என்று தெரியாது. புதிய பதிப்பில் காத்திருக்கலாம், ஆனால் சுற்றுக்கு ஒருமுறை பகடை உருட்ட வேண்டும். விழக்கூடாத எண் விழுந்தால் பாலம் எதிரிக்கு. இப்போது ஓர் ஆட்டம் முடிந்ததும் மறு ஆட்டம் கேட்கிறார்கள். அந்த விதியைத் தமயந்தி எழுதி எட்வினுக்கு அனுப்பினார். "சரி" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. பெட்டியின் மேல் இருவர் பெயரும் இருக்கிறது. இருவரும் பேசிக்கொள்வதில்லை.